தவளைக்கண் காரின் பானெட்டைத் திருப்பிப் போட்டோம்

ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் பானெட் என்று எஞ்சினுக்குத் தனியாக ஒரு மூடி கிடையாது. மூக்கு, கிரில், இரண்டு பக்க மட்கார்டு, மேலே துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துண்டாகப் பற்றவைத்துவிட்டார்கள். கார் நீளத்தில் ஏறக்குறைய முன்பாதி அதுதான். அந்தப் பெரிய துண்டை முன்கண்ணாடிக்குச் சற்று முன்னால், பின்பக்கமாக, இரண்டு கீலில் மாட்டியிருக்கிறார்கள். முன்னால் நின்று மூக்கைப் பிடித்துத் தூக்கினால், முதலை வாயைப் பிளப்பது போல மொத்தமும் மேலே எழும். எழுந்த பிறகு ஒரு கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வாய்க்குள் தலையை விட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும்.

1958 முதல் 1961 வரை வந்த முதல் மாடல் இது. இங்கிலாந்தில் தவளைக்கண் என்பார்கள், அமெரிக்காவில் பூச்சிக்கண். மொத்தம் 48,987 கார்கள் கட்டப்பட்டன. என்னிடம் இருப்பது அதில் ஒன்று, செர்ரி சிவப்பு. கவென்ட்ரியில் என் வீட்டு கராஜில் நிற்கிறது. அதன் பானெட் இப்போது பின்பக்கம் கீலில் இல்லை. முன்பக்கம் மூக்கில் கீல் வைத்து, முன்னோக்கிக் கவிழும்படி மாற்றியாகிவிட்டது. அதை ஏன் செய்தோம், எப்படிச் செய்தோம், எதில் மாட்டிக்கொண்டோம் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். டொனால்டு ஹீலியின் சின்ன நிறுவனம் வடிவமைத்தது, பிஎம்சி என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் கட்டியது. எம்ஜி கார்கள் தயாரான ஆபிங்டன் ஆலையில்தான் இதுவும் தயாரானது. 1958 மே 20ஆம் தேதி மான்டே கார்லோவில் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். மொனாக்கோ கிராண்ட் ப்ரீ முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பகட்டுக்கும் காருக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு பென்னியையும் எண்ணி எண்ணிக் கட்டிய கார் இது. எஞ்சினும் பின் ஆக்சிலும் ஆஸ்டின் ஏ35இலிருந்து வந்தவை, ஸ்டீயரிங் மோரிஸ் மைனருடையது. கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடி கிடையாது, உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடியே கிடையாது, சீட்டைச் சாய்த்து அதன் பின்னால் தவழ்ந்து போய் ஸ்டெப்னியை இழுத்து வர வேண்டும். முன் பம்பர் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு.

அந்தக் கண்கள்கூடக் காசு மிச்சம் பிடித்ததால் வந்தவைதான். ஜெர்ரி கோக்கர் போட்ட முதல் வடிவத்தில் ஹெட்லைட்டுகள் பானெட்டில் படுத்திருக்கும், வேண்டும்போது எழுந்து நிற்கும். அந்த இயந்திர அமைப்புக்குச் செலவு அதிகம் என்று கைவிட்டு, எழுந்து நிற்கிற நிலையிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கண்ணுக்காகத்தான் இந்தக் காரை எல்லோரும் வாங்குகிறார்கள்.

பின்கீல் பானெட்டும் அதே சிக்கனத்தில் வந்த ஏற்பாடுதான், ஆனால் முட்டாள்தனமான ஏற்பாடு இல்லை. மட்கார்டும் சேர்ந்து எழுவதால் எஞ்சினின் இரண்டு பக்கமும் முன் சக்கரங்களும் திறந்து கிடக்கும். சாதாரண மூடி வைத்த காரில் அந்த வசதி கிடைக்காது. பானெட்டைத் தாங்குவதற்கு மூக்கில் தனியாகக் கட்டமைப்பு எதுவும் வேண்டாம், எஞ்சினுக்குப் பின்னால், உட்காரும் இடத்துக்கு முன்னால் இருக்கும் பின்சுவரில், அதாவது காரிலேயே உறுதியான இடத்தில், கீலை மாட்டிவிடலாம். ஆலையில் ஒரு துண்டைக் கொண்டுவந்து இரண்டு கீலில் பொருத்தினால் முன்பாதி முடிந்தது. கட்டுகிறவனுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கஷ்டமெல்லாம் அறுபது வருடம் கழித்து அதை வைத்திருப்பவனுக்குத்தான். கீல் இருக்கிற பக்கம் எப்போதும் குறைவாகத்தான் திறக்கும். இந்தக் காரில் அடிக்கடி கை வைக்க வேண்டிய சாமான்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பேட்டரி பின்சுவரை ஒட்டிய தட்டில். ஹீட்டர் அதன் பக்கத்தில். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதுவும் அங்கேதான். பேட்டரியைக் கழற்ற வேண்டுமென்றால் எஞ்சின் மேல் குனிந்து, தலைக்கு மேலே பானெட் தாழ்ந்துகொண்டே போகிற இடத்தில், கனமான ஒரு பெட்டியைக் கை நீட்டித் தூக்க வேண்டும். முதுகு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் காற்று. தூக்கி நிறுத்திய பானெட் ஒரு பாய்மரம் மாதிரிதான். திறந்த வெளியில் வேலை பார்க்கும்போது முன்னாலிருந்து ஒரு வேகக் காற்று வந்தால் முட்டுக்கம்பி தள்ளாடும். இந்தக் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் முட்டுக்கம்பி நழுவிய கதை ஒன்றாவது வரும், தலையில் தையல் போட்ட தழும்பைக் காட்டுகிறவரும் அதில் ஒருவர் இருப்பார். ஓடும்போதும் பயம் உண்டு. பூட்டு முன்னால் மூக்கில் இருக்கிறது. அது விட்டு, அதற்கடுத்த பாதுகாப்புக் கொக்கியும் விட்டால், எதிர்க்காற்று மொத்த முன்பாதியையும் தூக்கிக் கண்ணாடிமேல் அறையும். அதனால்தான் பலர் தோல் பெல்ட்டு வேறு போட்டு இறுக்கிக் கட்டுகிறார்கள். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். மாற்றலாம் என்ற எண்ணம் என் மாமனாருடையது.

அவர் சென்னையில் கார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருந்தார். இங்கே வரும் பெரியவர்களுக்கு முதல் மாதம் ஊர் சுற்றுவதில் போய்விடும், இரண்டாவது மாதத்திலிருந்து வீட்டுக்குள் அடைந்து கிடப்பது வதை. அவருக்கு கராஜ் கிடைத்தது. நான் பேட்டரி டெர்மினலைக் கழற்ற மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ளை, எந்தப் புண்ணியவான் இதைப் பின்னாடி மாட்டினான்? நம்ம ஹெரால்டுல அப்படியே முன்னாடி கவுத்துடுவோம். டயர் மேல உக்காந்துக்கிட்டு வேலை பாக்கலாமே.”

“இது வேற கம்பெனி கார், மாமா. அப்படியேதான் வந்திருக்கு.”

“வந்தா என்ன? கீலுதானே. இந்தப் பக்கம் இருக்கறதை அந்தப் பக்கம் வெச்சா ஆச்சு.”

ஹெரால்டு என்று அவர் சொன்னது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ட்ரையம்ஃப் ஹெரால்டாக 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்த கார்தான் அது. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது. 1961இலிருந்து சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் அதைக் கட்டினார்கள். ஐம்பது வயது தாண்டிய சென்னைக்காரர்கள் பலருக்கு அந்தக் கார் நினைவிருக்கும். மூக்கு, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டு, ஸ்ப்ரைட் மாதிரியேதான். ஆனால் கீல் முன்னால். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கொக்கியை விடுவித்துப் பின்னாலிருந்து தூக்கினால் முன்பாதி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து நிற்கும். எஞ்சின் அங்கேயும் 948 சிசி, இங்கேயும் 948 சிசி. ஆனால் இரண்டும் வேறு வேறு எஞ்சின், ஒன்றின் போல்ட்டு மற்றதில் சேராது.

ஹெரால்டை ட்ரையம்ஃப் இதே கவென்ட்ரியில், கான்லி ஆலையில்தான் கட்டியது. ஆலை இருந்த இடம் இப்போது வணிக வளாகம். அதற்குள் ஹெரால்டு அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது. மாமாவை ஒருநாள் அங்கே கூட்டிப் போனேன். பெயர்ப் பலகையைப் பார்த்தார், கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தார், “சரி, கிளம்பலாம், குளிருது” என்றார்.

ஹெரால்டுக்கு ஏன் முன்கீல் சாத்தியமானது, ஸ்ப்ரைட்டுக்கு ஏன் இல்லை? ஹெரால்டில் தனி சேஸி உண்டு. பாடி சப்ளை செய்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் பிஎம்சி வாங்கிவிட்டது. ஒற்றைக் கூடாகப் பாடி கட்டித்தர ஆளில்லாமல் போனதால், பல இடங்களில் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து சேஸிமேல் போல்ட்டு போட்டுச் சேர்க்கிற மாதிரி ஹெரால்டை அமைத்தார்கள். அந்த சேஸி மூக்கின் நுனி வரை போகிறது, கீலுக்கு அங்கேயே இடம் கிடைத்துவிட்டது. ஸ்ப்ரைட் அப்படி இல்லை. பாடியும் சேஸியும் ஒன்றான கூடு. முன்பக்கம் இரண்டு பெட்டிக் கால்கள் மட்டும் நீண்டு வந்து மூக்குக்குக் கொஞ்சம் பின்னாலேயே நின்றுவிடும். முன்னால் கீல் வைக்க வேண்டுமென்றால் அந்தக் கால்களின் நுனியில் பிராக்கெட்டு போட்டு நாமாகத்தான் இடம் உண்டாக்க வேண்டும்.

இந்த மாற்றத்துக்கு ரெடிமேட் கிட்டுகள் விற்கிறார்கள். ஸ்டீல் பானெட்டை எடுத்துவிட்டு ஃபைபர் பானெட் போடுகிறவர்களும் உண்டு. வாங்கி மாட்டியிருந்தால் நானும் ஒரு வார இறுதியில் முடித்திருக்கலாம். மாமாவுக்கு அதில் சம்மதமில்லை. கிட்டு பொதுவாகச் செய்தது, அறுபது வருடக் காரில் இரண்டு கார் ஒரே அளவில் இருக்காது, ஒவ்வொன்றும் எங்கேயாவது இடித்து டிங்கரிங் பார்த்ததாக இருக்கும் என்றார். அது உண்மை. என் காரின் மூக்கே இடப்பக்கம் இரண்டு நூல் கீழே இருந்தது. நூல் என்பது அவருடைய அளவு, இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் நான் சொன்னதையெல்லாம் அவர் மனசுக்குள் நூலாக மாற்றிக்கொண்டுதான் பதில் சொல்வார்.

கீலை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலையில் மூளைக்கு வேலை கொடுத்த இடம். முன்னால் எங்கேயோ இரண்டு ஓட்டை போட்டால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். மாமா ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து, பானெட்டின் பக்கவாட்டு வடிவத்தை நிஜ அளவில் வெட்டச் சொன்னார். அதை கராஜ் சுவரில் வைத்து, காரின் மிச்ச பாகத்தை, அதாவது கதவின் முன் ஓரம், பின்சுவர், கால்களின் நுனி, தரை, இதையெல்லாம் சாக்பீஸால் சுவரிலேயே வரைந்தோம். பிறகு அட்டையில் ஒரு ஆணியைக் குத்தி அதைக் கீலாக வைத்துச் சுழற்றிப் பார்த்தோம்.

ஆணி உயரமாக இருந்தபோது என்ன ஆனது தெரியுமா? பானெட்டின் பின் ஓரம் மேலே எழத் தொடங்கும்போதே அதன் கீழ் மூலை பின்னோக்கி நகர்ந்து கதவுப் பக்கம் இடித்தது. கணக்கு எளிது. முன்கீலில் கவிழும்போது, கீலை விட உயரத்தில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் மேலே போகும்போதே முன்னோக்கி விலகும், இடிக்காது. கீலை விடத் தாழ்வாக இருக்கிற புள்ளி முதலில் பின்னோக்கித்தான் வரும். பானெட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற கேப்பே ஒன்றரை நூல்தான், அங்கே பின்னோக்கி நகர இடமேது? மூக்கின் கீழ் உதடும் அப்படித்தான், அது பின்னால் சுழன்று வந்து கால்களின் நுனியில் மோதும். ஆகவே கீல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீழே, எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்னால் இருக்க வேண்டும். ரொம்பக் கீழே போனால் வேகத்தடையில் அடிபடும். ரொம்ப முன்னால் போனால் பிராக்கெட்டு நீளமாகி ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஆணி குத்த ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் இடம் இருந்தது.

பழைய பின்கீலில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கீல் மேலே இருக்கிறது, அதற்குக் கீழே இருக்கிற மட்கார்டு ஓரமெல்லாம் தூக்கும்போது தானாகவே முன்னோக்கி விலகிவிடும். ஹீலி ஆட்கள் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். மாற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர் முதலில் அந்த அட்டையை வெட்டிப் பார்த்து அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

பானெட்டை இறக்குவதற்கு முன் பழைய கீல்கள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, படம் எடுத்துக்கொண்டோம். நாளைக்கே திரும்பப் பழையபடி மாட்ட வேண்டும் என்றால் அந்தக் கோடுதான் வழிகாட்டி. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, புல்தரையில் விரித்த பழைய மெத்தையில் வைத்தோம். மூக்கில்லாத ஸ்ப்ரைட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எஞ்சின் இவ்வளவு சின்னதா என்று ஆச்சரியமாகவும் இருக்கும். 43 குதிரைசக்தி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், அவ்வளவுதான்.

பிராக்கெட்டுகளை முன் கால்களில் ஏற்கெனவே இருந்த போல்ட்டு ஓட்டைகளிலேயே பொருத்தும்படி அமைத்தோம். கூட்டில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது என்பது நான் வைத்த நிபந்தனை. ஆங்கிள் இரும்பை அட்டை மாதிரிப்படி வெட்டி, முக்கோணமாகக் குறுக்குச் சட்டம் கொடுத்து, பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் செய்து வாங்கினேன். இரண்டு கீலையும் ஒரு குழாயால் இணைத்தோம். அந்தக் குழாய் முக்கியம். முன்கீல் பானெட்டை ஒருவர் தனியாகத் தூக்கும்போது ஒரு பக்கமாக நின்றுதான் தூக்குவார். குழாய் இல்லாவிட்டால் தூக்கிய பக்கம் முதலில் எழும், மறுபக்கம் தாமதிக்கும், மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ளும். பெயிண்டில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழுந்த பிறகுதான் தெரியவரும்.

மூக்குப் பக்கத் தகடு எடை தாங்குவதற்காகச் செய்ததல்ல. பின்கீலில் அது வெறும் முகம், இப்போது பானெட்டின் மொத்த பாரமும் கவிழும்போது அங்கேதான் இறங்கும். உள்பக்கம் ஒரு அகலமான பட்டைத் தகடு வைத்து பாரத்தைப் பரப்பிவிட்டோம். அப்புறம், பானெட் எவ்வளவு தூரம் கவிழலாம் என்பதற்குத் தடை. ஒரு ஸ்டீல் கேபிளைக் குழாய்க்கும் பானெட்டின் உட்புறச் சட்டத்துக்கும் நடுவே கட்டி, நெட்டுக்குத்தாக நிற்பதைத் தாண்டிக் கொஞ்சம் சாய்ந்ததும் நின்றுவிடும்படி செய்தோம். அது இல்லாவிட்டால் கண் இரண்டும் தார் ரோட்டில் மோதும்.

ஒயர் விஷயத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். ஹெட்லைட் பானெட்டோடு நகர்கிறது என்பதால் கீல் இருக்கிற இடத்தில்தான் ஒயர் வளைந்து நிமிர வேண்டும். கீல் இடம் மாறினால் ஒயரின் வழியும் மாற வேண்டும். முன்பக்கமாகக் கொண்டுவந்து, கீல் பக்கத்தில் தளர்வாக ஒரு சுற்று விட்டு, தகட்டு ஓரத்தில் உரசாமல் ரப்பர் வளையம் போட்டோம். எர்த்துக்கும் தனியாக ஒரு ஒயர் இழுத்துவிட்டோம். கீல் வழியாக எர்த் வரும் என்று நம்பினால், கீலுக்குக் கிரீஸ் வைத்த அன்றைக்கு லைட் மங்கும். இந்தக் கார்கள் பாசிட்டிவ் எர்த்தில், அதாவது பேட்டரியின் பிளஸ் முனையைப் பாடியோடு இணைத்து வந்தவை. என்னுடையது இன்னும் அப்படித்தான் என்பதால் மாமா ஒவ்வொரு முறையும் பேட்டரியைப் பார்த்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார், “பிளஸ்ஸுதான் பாடி, பிளஸ்ஸுதான் பாடி” என்று.

திறப்பது இத்தோடு முடிந்தது. உண்மையான வேலை மூடுவதில்தான் இருந்தது.

கீல் என்பது திறப்பதற்கான சாமான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்கீல் இருந்தவரை, பானெட்டின் பின் ஓரம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அச்சாக உட்கார்ந்ததற்குக் காரணமும் அதே கீல்தான். அதை எடுத்துவிட்டால், கதவோடும் பின்சுவரோடும் கேப் ஒழுங்காகத் தெரிகிற பின் ஓரத்தை எதுவும் பிடித்திருக்கவில்லை. ஒருநாள் ஒரு நூல் வலப்பக்கம் உட்காரும், அடுத்த நாள் இடப்பக்கம். ஓடும்போது லொடலொட சத்தம் வரும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, முன்னால் எதிலாவது மோதினால் அந்தத் தகடு பின்னுக்கு வந்து கண்ணாடிப் பக்கம் போகவிடாமல் தடுக்க ஏதாவது வேண்டும்.

பழைய கீல் இருந்த அதே ஓட்டைகளில் இரண்டு கூம்பு முளைகளை மாட்டினோம். பானெட்டில் அதற்கு நேராக இரண்டு குழிவுகள். மூடும்போது முளை குழிவுக்குள் வழிந்து இறங்கித் தானே மையத்துக்குக் கொண்டுவரும், இறங்கிய பிறகு முன்னும் பின்னும் நகரவிடாது. ஓரம் முழுவதும் ரப்பர் பட்டை. பூட்டுக்கு ஹெரால்டில் இருப்பது மாதிரி பக்கத்துக்கு ஒரு இழுவைக் கொக்கி. ரேஸ் கார்களில் போடும் பானெட் முள் போடலாமே என்றேன். “கோயில் தேருக்கு அச்சாணி போடறாப்பல இருக்கும், வேண்டாம் மாப்பிள்ளை” என்றார். கொக்கிதான் நல்லது என்று இப்போது எனக்கும் படுகிறது. மடித்தால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பானெட்டை ரப்பர்மேல் அழுத்தி வைக்கும், சத்தம் வராது.

முளைக்கும் குழிவுக்கும் இடையே எவ்வளவு விட வேண்டும், ஏர் ஃபில்டரும் ரேடியேட்டர் மூடியும் புதிய சுழற்சியில் எங்கேயாவது உரசுமா, இதெல்லாம் மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. மாமா சமையலறைக்குப் போய் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை வாங்கிவந்தார். சின்னச் சின்ன உருண்டையாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் வைத்தார். பானெட்டை மெதுவாக மூடி, கொக்கி போட்டு, மறுபடி திறந்தால் ஒவ்வொரு உருண்டையும் அந்த இடத்து இடைவெளி அளவுக்கு நசுங்கியிருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். கார்புரேட்டர் பக்கத்து உருண்டை அப்பளமாகியிருந்தது, அங்கே பானெட்டின் உட்சட்டத்தைக் கொஞ்சம் தட்டி உள்வாங்க வைத்தோம். மற்ற இடத்தில் தாராளம். “அந்த மாவைத் திருப்பிக் கொண்டுவராதீங்க” என்று உள்ளேயிருந்து அத்தை குரல் மட்டும் வந்தது.

கேப் சரிசெய்வது என்பது பொறுமை உள்ளவர்களின் வேலை. பிராக்கெட்டு போல்ட்டுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடு ஒன்றைச் செருகினால் மூக்கு ஒரு சின்ன அளவு எழும், ஆனால் மறுகோடியில் கதவுப் பக்கக் கேப் அதற்கு மேல் மாறிவிடும். முன்னால் கீல், பின்னால் கேப், நடுவில் நீளமான தகடு என்றால் முன்னால் செய்கிற சின்னத் தப்பு பின்னால் பெரிதாகத்தான் தெரியும். மாமா ஒரு செய்தித்தாள் கீற்றை ஓரத்தில் வைத்துப் பானெட்டை மூடி இழுத்துப் பார்ப்பார். எந்த இடத்தில் தாள் கிழிகிறதோ அங்கே இறுக்கம், எந்த இடத்தில் வழுக்கி வருகிறதோ அங்கே தளர்ச்சி. இந்த விளையாட்டில் எத்தனை மாலைப் பொழுதுகள் போயின என்று நான் கணக்கு வைக்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது? கொக்கி இரண்டையும் விடுவித்து, பக்கத்தில் நின்று தூக்கினால் முன்பாதி முழுவதும் முன்னே போய் நிற்கிறது. பின்சுவர் வரை வானம் பார்க்கத் திறந்து கிடக்கிறது. பேட்டரியை நேராக நின்று இரண்டு கையாலும் தூக்கலாம். பிரேக் ஆயில் அளவை நிமிர்ந்து நின்றபடியே பார்க்கலாம். முன் டயரில் உட்கார்ந்து பிளக்கை மாற்றலாம், மாமா முதல் நாள் சொன்னபடியே. ஓடும்போது பூட்டு விட்டாலும் பெரும்பாலும் காற்று பானெட்டைக் கீழேதான் அழுத்தும் என்பதால் மோட்டார்வேயில் மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது.

நஷ்டமும் உண்டு. முன்னால் கவிழ இடம் வேண்டும் என்பதால் கராஜில் சுவரை ஒட்டி மூக்கை வைத்து நிறுத்த முடியாது. முன்னெல்லாம் உயரம்தான் வேண்டியிருந்தது, இப்போது நீளம் வேண்டியிருக்கிறது. சின்ன கராஜ் வைத்திருப்பவர்கள் இதை முதலில் அளந்துகொள்ளுங்கள். மழையில் ரோட்டோரம் நின்று வேலை பார்க்க நேர்ந்தால் தலைக்கு மேல் கூரை இல்லை. பழைய பானெட் அந்த வகையில் ஒரு குடை. எடையும் கொஞ்சம் கூடியிருக்கிறது, அதுவும் மூக்கு நுனியில். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு மாற்றத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டுப் பிறகு விபத்தில் வழக்காடுவதற்கு எனக்குத் தெம்பில்லை.

அசல் மாறாமல் வைத்திருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கார் கண்காட்சிக்குக் கொண்டுபோனால் யாராவது ஒருவர் கதவோரத்துக் கொக்கியைப் பார்த்துவிட்டு, “ஓ, திருப்பிப் போட்டிருக்கிறீர்களா” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே மிஞ்சியிருக்கிற கார் என்றால் நானும் கை வைத்திருக்க மாட்டேன், அது ஒரு ஆவணம். என் கார் அப்படி இல்லை. எனக்கு வருவதற்கு முன்பே அதில் பல கைகள் பட்டுவிட்டன. அதோடு, 1961இல் வந்த இரண்டாம் மாடலில் கம்பெனியே இந்தப் பானெட்டைக் கைவிட்டுவிட்டது. மட்கார்டை உடம்போடு நிறுத்தி, நடுவில் சாதாரண மூடி ஒன்றைப் போட்டு, டிக்கிக்கும் மூடி வைத்து, ஹெட்லைட்டையும் மட்கார்டு நுனிக்கு நகர்த்திவிட்டார்கள். கட்டியவர்களே மூன்று வருடத்தில் மனம் மாறிய ஒரு விஷயத்தில் நான் விசுவாசம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். பழைய கீல், முன்பூட்டு, முட்டுக்கம்பி, போல்ட்டு எல்லாம் ஒரு டப்பாவில், ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, மேல் தட்டில் இருக்கின்றன. அடுத்து வாங்குகிறவருக்கு விருப்பமிருந்தால் ஒரே நாளில் பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது: “கேஸ் ஸ்ட்ரட் போட்டுவிடலாமே, ஒரு விரலால் தூக்கலாமே?” இப்போதைய கார்களின் டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்கிற, வாயு அடைத்த தண்டைத்தான் சொல்கிறார்கள். போடலாம், ஆனால் நான் போடவில்லை. கேஸ் ஸ்ட்ரட் மூடியிருக்கும்போதும் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ராத்திரி பகலாக, வருடக்கணக்காக, இரண்டு புள்ளியில் மெல்லிய தகட்டைத் தள்ளினால் தகடு வளையும், அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த கேப் எல்லாம் கோணலாகும். இந்தப் பானெட்டைத் தூக்க எனக்கு இன்னும் தெம்பிருக்கிறது. மாமா ஊருக்குப் போன பிறகும் போனில் விடாமல் கேட்பது வேறொன்று: இடப்பக்கம் கதவோரத்தில் கேப் இன்னும் அரை நூல் அதிகமாக இருக்கிறதே, முன் பிராக்கெட்டில் ஒரு ஷிம் எடுத்துப் பார்த்தாயிற்றா என்று. இல்லை, இன்னும் பார்க்கவில்லை. ஏப்ரலில் வெயில் வந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.